ஒரு பக்க ஒழுங்கு

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பக்திக்குப் பஞ்சமில்லை. நவநாள், செபக்கூட்டம், தவக்காலத் தியானம், திருவிழா என்று வருடம் நிரம்பித்தான் இருக்கிறது. ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமையை எப்படிச் செலவழிப்பது என்று கேட்டால்தான் பதில் வராது. "கடவுளுடைய சித்தம் என்ன" என்ற கேள்வியை நாங்கள் வெளிநாட்டுப் பயணத்துக்கும் கலியாணத்துக்கும் ஒதுக்கி வைத்துவிட்டோம். மிச்ச நாட்கள் தம்பாட்டில் போகின்றன.

திருச்சபையிடம் இதற்குப் பழைய கருவி ஒன்று உண்டு: எழுதி வைத்த வாழ்க்கை ஒழுங்கு. 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ற் முனிவர் தன் துறவிகளுக்கு 73 அதிகாரங்களில் எழுதினார். எப்போது செபம், எப்போது வேலை, எவ்வளவு சாப்பாடு, விருந்தாளியை எப்படி ஏற்பது என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. எங்கள் பக்கத்திலும் 1928இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் துறவற சபை செபமும் வேலையும் பிணைந்த அப்படியொரு ஒழுங்கில்தான் நிற்கிறது. குடும்பக்காரருக்கு 73 அதிகாரம் வேண்டாம். கொப்பியில் ஒரு பக்கம் காணும்.

அந்தப் பக்கத்தில் எழுதும் ஒவ்வொரு வரியிலும் நேரம், இடம், அளவு மூன்றும் இருக்க வேண்டும். "இனி அதிகம் செபிப்பேன்" என்பது ஆசை. "விடிய 5.30, முன் விறாந்தை, 15 நிமிடம்" என்பது ஒழுங்கு. கோயில் மணி கேட்கும் ஊரில் இருப்பவர்களுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. காலை, மதியம், மாலை திரிகால செபத்துக்கு எங்கே நின்றாலும் இரண்டு நிமிடம் போதும்.

வாசிப்புக்குக் கணக்கு சுலபம். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று வாசித்தால் 52 கிழமையில் முடியும். தவறியதைச் சனி, ஞாயிறில் பிடிக்கலாம். முழு வேதாகமத்தையும் ஒரே வருடத்தில் முடிக்கப் புறப்படுகிறவர்களில் பலர் லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள். முதல் முறையென்றால் 16 அதிகாரமே உள்ள மாற்குவில் தொடங்குங்கள்.

குடும்பச் செபம் குழம்புவதற்கு எங்கள் ஊரில் ஒரு தனிக் காரணம் உண்டு. இங்கே இரவு 7.30 என்றால், கோடைகாலத்தில் லண்டனில் பின்னேரம் 3 மணி, ரொறன்ரோவில் காலை 10 மணி. சனி, ஞாயிறில் அங்குள்ள சொந்தங்கள் ஓய்வாக இருக்கும் நேரம் அதுதான், போன் அடிக்கும். செபத்தை 6.45க்கு முன்தள்ளுங்கள். அல்லது அழைப்பிலிருக்கும் அக்காவையும் சேர்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் செபமாலை முழுவதையும் சொல்ல வைத்து அவர்களை நித்திரையாக்குவதைவிட, அதில் பத்து மணிகளை மட்டும் ஒழுங்காகச் சொன்னால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இனி, அதிகம் பலன் தருவதும் அதிகம் பேர் கைவிடுவதுமான இரவுக் கணக்கு, அதாவது படுக்குமுன் மனச்சாட்சியைச் சோதித்துப் பார்ப்பது. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்து 1548இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இது இருக்கிறது. பொதுச் சோதனைக்கு ஐந்து படி: நன்றி சொல்லுதல், வெளிச்சம் கேட்டல், அன்றைய நாளை மணித்தியாலம் மணித்தியாலமாகத் திருப்பிப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், நாளைக்கு ஒன்றைத் தீர்மானித்தல். பத்து நிமிடம் பிடிக்கும். இதோடு தனிச் சோதனை என்று இன்னொன்றும் உண்டு. அதில் ஒரேயொரு குற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். எழும்பியவுடன் அதை நினைவுபடுத்துவது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணுவது, இராச்சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி எண்ணுவது. கொப்பியில் நாளுக்கு இரண்டு கோடு. விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. பகலில் விழும்போது மற்றவர் கவனியாதபடி நெஞ்சில் கைவைத்துக்கொள்ளச் சொல்கிறார் இஞ்ஞாசியார். இரவை மதியத்தோடும், இன்றை நேற்றோடும், இந்தக் கிழமையைப் போன கிழமையோடும் ஒப்பிட வேண்டும்.

பிழைக்கிற இடங்கள் தெரிந்தவைதான். "பெருமை" என்று எழுதினால் எண்ண முடியாது. "பிள்ளையின் மார்க்ஸைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கதைத்தேன்" என்று எழுதினால் எண்ணலாம். முதற்கிழமை புள்ளிகள் கூடும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொப்பியை மூடிவிடுவார்கள்; உண்மையில் கண் திறந்ததால்தான் கூடுகிறது. கிழமைக்கொரு குற்றமென்று மாற்றாமல் ஒரு மாதமாவது ஒன்றிலேயே நில்லுங்கள். கட்டிலில் படுத்தபடி செய்தால் இரண்டாம் படியிலேயே நித்திரை வந்துவிடும், கதிரையில் இருங்கள். நன்றியைத் தவிர்த்துவிட்டு நேரே குற்றத்துக்குப் போனால், அறாவட்டிக்காரனின் கொப்பி மாதிரி ஆகிவிடும். சின்னக் குற்றத்துக்கும் மனம் ஓயாமல் அரிக்கிறவர்கள் புள்ளி போடவே வேண்டாம். சுவாமியிடமோ போதகரிடமோ முதலில் கதையுங்கள். போரில் உறவுகளை இழந்தவர்களுக்கு இரவில் திருப்பிப் பார்ப்பது பழையதைக் கிளறக்கூடும். அவர்கள் பகல் வெளிச்சத்தில் செய்வது நல்லது.

மெதடிஸ்த சபையாருக்கு, அந்தச் சபையின் மூலவரான வெஸ்லியின் மூன்று விதிகள் கைவசம் இருக்கின்றன: தீமை செய்யாதே, நன்மை செய், திருவிருந்து, செபம், வாசிப்பு போன்ற கிருபையின் வழிகளைக் கைக்கொள். புதுவருடத்து உடன்படிக்கை ஆராதனையில் வாயால் சொன்னதை அந்த மூன்று தலைப்பின் கீழ் எழுதினாலே பக்கம் நிரம்பும்.

காசைப் பற்றி ஒரு வரியும் இல்லாத ஒழுங்கை நான் நம்புவதில்லை. சம்பளம் வந்த அன்றே, கொடுக்க வேண்டியதை முதலில் எடுத்து வேறு உறையில் வையுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதில் கொடுப்போம் என்றால் ஒன்றும் மிஞ்சாது. அடகும் சீட்டும் கழுத்தை நெரிக்கும் வீட்டில் பத்திலொன்று உடனே முடியாது. நூற்றுக்கு இரண்டில் தொடங்கி, ஒவ்வொரு கடன் அடையும்போதும் கூட்டுங்கள். கையில் காசே புழங்காத வீட்டுக்குப் பிடியரிசி இருக்கிறது. உலையில் போடுமுன் ஒரு பிடி, ஏறத்தாழ 50 கிராம், வேறு பானைக்குள். இரண்டு வேளைச் சோறென்றால் மாதம் 3 கிலோ சேரும். பக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு கிழவிக்கு அது பெரிய உதவி. கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கும் திருவிழா நன்கொடைக்கு இந்த உறையைத் தொடாதீர்கள். அதற்கு வேறாகப் பார்த்துக்கொள்ளலாம். சாமத்தியவீட்டுக்கும் சீதனத்துக்கும் கடன்பட்டுவிட்டு நோக்கத்தோடு வாழ்வது பற்றிக் கதைப்பதில் பொருளில்லை.

ஞாயிறு பற்றிச் சுருக்கமாக: கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் அன்று கடலுக்குப் போகாமல் வலையைக் கரையிலேயே வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நாள் வருமானத்தை விட்டுக்கொடுக்க அவர்களால் முடியும்போது, ஞாயிறு காலை டியூசனை வேறு நாளுக்கு மாற்றித் தரச் சொல்லி எங்களால் கேட்கவாவது முடியும்.

தொடங்க ஜனவரி முதலாம் திகதியோ சாம்பல் புதனோ வேண்டாம், அந்த நாட்களின் சூடு பதினைந்து நாளில் ஆறிவிடும். ஏதாவதொரு சாதாரணத் திங்கட்கிழமை நல்லது. மாதத்தின் முதல் ஞாயிறு இருபது நிமிடம் ஒதுக்கி, கணவனோ மனைவியோ நம்பிக்கையான ஒரு சிநேகிதரோ பக்கத்தில் இருக்கப் பக்கத்தை வாசியுங்கள். தொடர்ந்து மூன்று கிழமை நடக்காத வரியை வெட்டிவிடுங்கள், அல்லது அளவைப் பாதியாக்குங்கள். புதிதாகச் சேர்ப்பது ஒரு தடவையில் ஒன்று மட்டும். பக்கத்தை ஒட்ட நல்ல இடம் அலுமாரிக் கதவின் உட்பக்கம். வருகிறவர் போகிறவர் பார்க்கும் முன்சுவரில் ஒட்டினால், அடுத்த மாதம் எழுதும் வரிகள் அவர்களுக்காக எழுதப்படும்.