100 எழுதின பையனும் மோட்டார் போட்ட வீடும்

இந்த மே மாதம் மதுரையில் ஒரு கோடை முகாமில் இரண்டு வாரம் கேம் தியரி எடுத்தேன், அதாவது மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் சேர்த்து யோசித்து முடிவெடுப்பதைப் பற்றிய கணக்கு. தினமும் காலையில் இரண்டு மணி நேரம், 26 பிள்ளைகள். பாதிப் பேர் பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவர்கள், மீதி ப்ளஸ் ஒன் முடித்தவர்கள். போன வருஷம் இதே பாடத்தை வரையறையிலிருந்து ஆரம்பித்து, நாஷ் சமநிலை (மற்றவர்கள் மாறாதவரை யாருக்கும் தன் முடிவை மாற்றி லாபமில்லாத நிலை) என்று போர்டில் எழுதிப் போட்டு, மூன்றாவது நாளே வகுப்பு கை நழுவிவிட்டது. அதனால் இந்தத் தடவை எதையும் விளக்காமல் ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டேன்.

0 முதல் 100 வரை ஒரு முழு எண் எழுத வேண்டும். எல்லோருடைய எண்ணுக்கும் சராசரி எடுத்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவோ அதற்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவருக்கு ஒரு பாக்கெட் கடலை மிட்டாய்.

முதல் சுற்றில் 33-ம் 22-ம் நிறைய வந்தன. ரோஸ்மேரி நாகெல் என்ற பொருளாதார ஆய்வாளர் இதே விளையாட்டை வைத்து 1995-இல் வெளியிட்ட ஆய்விலும் இந்த இரண்டு எண்களைச் சுற்றித்தான் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள், அதையே என் கையில் இருந்த சீட்டுக் குவியலில் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. கணக்கில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் 0 எழுதியிருந்தான். எல்லோரும் 100 எழுதினால்கூட விடை 67-ஐத் தாண்டாது, அப்போது 67-க்கு மேல் எழுதுவது வீண், அது எல்லோருக்கும் தெரிந்தால் 45-க்கு மேல் எழுதுவதும் வீண், இப்படியே இறங்கிக்கொண்டு போனால் கடைசியில் 0. வாதத்தில் ஓட்டையே இல்லை. ஆனால் விடை 23 வந்தது, 22 எழுதின பொண்ணு ஒருத்தி மிட்டாயை வாங்கிக்கொண்டாள். "அக்கா, என்னோடதுதான் கரெக்ட் ஆன்சர்" என்றான், குரல் கம்மிவிட்டது. கரெக்ட் ஆன்சர் எழுதினால் மார்க் உண்டு என்றே பத்து வருஷமாகப் பழகிய பிள்ளை. 0 ஜெயிக்க வேண்டுமென்றால் மற்ற 25 பேரும் அவன் அளவுக்கு யோசித்திருக்க வேண்டும், யோசித்திருப்பார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரிந்தும் இருக்க வேண்டும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அப்போ இவங்கள பத்தியும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றான். நான் இந்தப் பாடத்தை எடுக்க வருவதே அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

இரண்டாவது சுற்றில் விடை 11. மூன்றாவதில்தான் சண்டை வந்தது. சீட்டுகளைப் பிரிக்கும்போது ஒன்றில் 100 என்று இருந்தது. 26 பேரில் ஒருவர் 0-வுக்குப் பதில் 100 எழுதினால் விடை ஏறக்குறைய இரண்டரை கூடிவிடும். ஐந்துக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டியது 7-இல் வந்து நின்றது, 7 எழுதியிருந்தது அந்த 100 எழுதின பையனின் நண்பன் மட்டும்தான். இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள், மிட்டாயில் ஆளுக்குப் பாதி! வகுப்பே ஏமாத்து, ஏமாத்து என்று கத்தியது. பேசக்கூடாது என்று நான் விதியில் சொல்லவே இல்லை, அதனால் மிட்டாயைக் கொடுத்தேன். அடுத்த நாள் வைத்திருந்த பாடத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கூட்டணிகளைப் பற்றியே பேசினோம். கேம் தியரிக்கு அடித்தளம் போட்ட ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மோர்கென்ஸ்டெர்னும் 1944-லேயே இதற்காகப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்றதும் அந்த இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம்.

அப்புறம் கைதிகளின் இக்கட்டு. கணித அறிஞர் ஆல்பர்ட் டக்கர் 1950-இல் சொன்ன கதை, தனித்தனி அறையில் இரண்டு கைதிகள், காட்டிக்கொடுப்பதா வாயை மூடிக்கொள்வதா என்பது. பிள்ளைகளிடம் இது எடுபடவில்லை, "தப்பு பண்ணவங்கதானே, ரெண்டு பேரும் மாட்டினா நல்லதுதானே அக்கா" என்கிறார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது! பச்சை அட்டை, சிவப்பு அட்டை என்று மாற்றினேன். இருவரும் பச்சை காட்டினால் ஆளுக்கு 3, இருவரும் சிவப்பு என்றால் ஆளுக்கு 1, ஒருவர் மட்டும் சிவப்பு காட்டினால் அவருக்கு 5, மற்றவருக்கு ஒன்றும் கிடையாது. ஒரே ஜோடிக்குப் பத்து ஆட்டம். முதல் நாள் பத்தாவதில் சிவப்பு விழுந்தது. இரண்டாவது நாள் ஒருத்தி எழுந்து, பத்தாவதில் எப்படியும் சிவப்புதான் என்றால் ஒன்பதாவதில் பச்சை காட்டி யாரைச் சம்பாதிக்கப் போகிறோம், அப்போது எட்டாவதில் மட்டும் என்ன, என்று ஒன்று வரைக்கும் இறங்கி வந்துவிட்டாள். நான் சொல்லிக்கொடுக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

மூன்றாவது நாள் ஒரு தாயக்கட்டையைக் கொண்டுபோனேன், ஆறு பக்கம் உள்ளது. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் உருட்டுவோம், 6 விழுந்தால் முடிந்தது, இல்லையென்றால் இன்னொரு ஆட்டம். எது கடைசி என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்குப் பச்சை அட்டைகள் திரும்பி வந்தன. அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்செல்ராட், பலர் எழுதி அனுப்பின கணினி நிரல்களை இதே ஆட்டத்தில் ஒன்றோடு ஒன்று மோதவிட்ட போட்டியைப் பற்றிச் சொன்னதும் அப்போதுதான். முதலில் நல்லது செய், அப்புறம் எதிராளி போன தடவை செய்ததையே திருப்பிச் செய் என்கிற அனடோல் ராப்போபோர்ட்டின் சின்ன நிரல், முதல் தடவை அனுப்பப்பட்ட 14 நிரல்களிலும் ஜெயித்தது, அடுத்த தடவை 62 வந்தபோதும் ஜெயித்தது. எந்த எதிராளியோடு மோதியபோதும் மொத்தத்தில் அவரைவிட அதிகம் எடுக்காமலே!

கடைசி நாளுக்கு அவரவர் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ ஒரு ஆட்டத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பொண்ணு நோட்டில் நாலு கட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். அவர்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வரும்போது மோட்டார் போட்டு உறிஞ்சுவதா வேண்டாமா என்பதுதான் ஆட்டம். பக்கத்துப் பக்கத்து வீடு இரண்டும் போடாவிட்டால் ஆளுக்கு 8 குடம். ஒரு வீடு மட்டும் போட்டால் அங்கே 12, இங்கே 2. இரண்டும் போட்டால் ஆளுக்கு 5, கரண்ட் செலவு வேறு. ரொம்ப நாளாக யாருமே போடாமல்தான் இருந்தார்களாம், யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததில்லை, புதிதாக ஒரு வீடு குடிவந்த பிறகுதான் ஒவ்வொரு வீடாக மோட்டார் இறங்கியிருக்கிறது.

"அவங்க வாடகைக்குத்தான் வந்திருக்காங்க அக்கா, பதினோரு மாசம் அக்ரிமெண்ட். அவங்களுக்குக் கடைசி ஆட்டம் எதுன்னு முன்னாடியே தெரியும்ல?"

அந்த நாலு கட்டத்தை அவள் கையாலேயே போர்டில் போடச் சொன்னேன். அன்றைக்கு மிச்சமிருந்த ஒன்றரை மணி நேரமும் அந்தத் தெருவுக்கே போனது.