அம்மா எண்ணிப் பார்த்த முடிச்சுகள்

2015 பிப்ரவரியில், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை டெல்லியில் தேசிய நவீன கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். மிருணாளினி முகர்ஜியின் சிற்பக் கண்காட்சி. தொடங்கிய ஒரு வாரத்திலேயே அவர் காலமாகியிருந்தார். வயது 65. அந்தச் செய்தியோடுதான் உள்ளே நுழைந்தோம்.

சாயமேற்றிய சணல் கயிற்றில் ஆளை விஞ்சும் உருவங்கள். பூவா, பெண்ணா, தெய்வமா என்று சொல்ல முடியாது. அம்மா நாற்பது வருஷமாக ஒயர் கூடை போடுகிறவர். நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் முடிச்சு எல்லாம் பேசிக்கொண்டே போட்டுவிடுவார். அவர் உருவத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு மடிப்பின் ஓரமாகக் குனிந்து, தொடாமல், விரலைக் காற்றில் நகர்த்தி முடிச்சுகளை எண்ணினார். “ஒரு இடத்துல கூட தொய்வு இல்லடி. விரல் என்ன வலி வலிச்சிருக்கும்!”

முகர்ஜிக்குத் தறி கிடையாது. முன்கூட்டி வரைந்துகொள்வதும் கிடையாது. முடிச்சு போகிற போக்கில் உருவம் வளரும். பெரிய சிற்பம் என்றால் மாதக்கணக்காகும். ‘யக்ஷி’, ‘வனஸ்ரீ’ எல்லாம் அப்படிப் பிறந்தவைதான். இதைக் கைவினை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். பரோடாவில் அவருக்கு ஆசிரியராக இருந்த கே.ஜி. சுப்ரமணியன், கேரளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், கலைக்கும் கைவினைக்கும் நடுவே வேலி போடாதவர். அந்தப் பாடம் மாணவியின் கையில் இறங்கியிருந்தது.

1990களின் நடுவில் முகர்ஜி நெதர்லாந்துக்குப் போய்ச் சுடுமண்ணில் வேலை செய்தார். அப்புறம் வெண்கலம். நம் சுவாமிமலையில் செய்வது போலவே மெழுகில் உருவாக்கி வார்ப்பதுதான்.

வெண்கலம் இருந்த பக்கம் வந்ததும் அம்மா ஒரு பெரிய இலை போன்ற சிற்பத்தின் முன் நின்றுவிட்டார். கயிறும் இல்லை, முடிச்சும் இல்லை. “இங்க பாரு, ஓரம் சுருண்டு உள்ள மடியுது பாரு. அந்தக் கயித்துலயும் இப்படித்தான் மடிச்சிருந்தாங்க” என்றார். திரும்பிப் போய்ப் பார்த்தேன். அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா ஒரு கண்டு சணல் கயிறு வாங்கச் சொன்னார். ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரு சாண் முடிந்திருந்தார். எதுவும் எண்ணாமல் போட்டதாம். பூ மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. என் மேஜைக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறேன்.