ஆற்றோரக் காட்டுப்பாதை

நேற்று முழுக்க ஆற்றை ஒட்டிய காட்டுப்பாதையில்தான் நடை, கால் இன்னும் கெஞ்சுகிறது. படம் கேட்பவர்களுக்கு: எடுத்ததே கொஞ்சம், அதிலும் பாதி வெறும் இலை நிழல்.

ஆற்றோர மரங்கள் தண்ணீர்ப் பக்கமாகவே சாய்ந்து நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? காட்டுக்குள்ளே அடர்ந்த நிழல், ஆற்றுக்கு மேலேதான் வானம் திறந்திருக்கிறது, அதனால் வெளிச்சம் தேடி கிளைகள் அந்தப் பக்கமே நீள்கின்றன. தண்ணீர் அரித்த இடங்களில் வேர்கள் வெளியே தெரிந்தன. மிச்சக் கரையைப் பிடித்து வைத்திருப்பதே அந்த வேர்கள்தான். நடுவே ஒரு மீன்கொத்தி நீலக் கோடு மாதிரி கடந்து போனது (இல்லை, அதைப் படம் எடுக்க முடியவில்லை).

சரி, போக நினைப்பவர்களுக்கு. ஆற்றோரம்தானே, சமதளமாக இருக்கும் என்று நம்பாதீர்கள், பாறை குறுக்கிட்டால் பாதை மேலே ஏறி மறுபடி இறங்கும். 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நின்று வேடிக்கை பார்ப்பது இதில் சேராது, என்னைப் போன்றவர்கள் தாராளமாக ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளலாம். பள்ளத்தாக்கில் வெளிச்சமும் சீக்கிரம் போய்விடும்.

அப்புறம், தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் மேலே எங்கோ மழை பெய்திருக்கலாம், உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் சரி, உடனே கரையேறிவிடுங்கள். பாசி பிடித்த பாறையில் நின்று செல்ஃபி எடுப்பவர்களிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை, சொன்னால் சண்டைதான் வருகிறது.