நகக்கண்

ஜூன் 14
அப்பாவின் நகங்களை இன்று நான்தான் வெட்டிவிட்டேன். மணிக்கட்டு வீங்கியிருப்பதால் நகவெட்டியை அவரால் அழுத்த முடிவதில்லை. நகம் கிளிஞ்சலைப் போல வளைந்து விரல்நுனியைக் கவிந்திருந்ததால் வெட்டியின் வாய் பொருந்தவேயில்லை. பிளேடால் ஓரமாகச் சீவி எடுத்தேன். அவர்கள் குடும்பத்து நகமே அப்படித்தான் என்றார் அம்மா.

ஜூன் 19
மூட்டுவாதத்திற்கான இரண்டு ரத்தப் பரிசோதனைகளிலும் ஒன்றுமில்லை, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். மட்டும் 92, மிக அதிகம். ரத்தத்தில் தெரியாத முடக்குவாதமும் உண்டு என்று சொல்லி, மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத் தொடரச் சொன்னார் மருத்துவர். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை. மூன்று மாதமாகச் சனிக்கிழமைகள் வந்து போகின்றன. கணுக்கால் வீக்கம் போகவில்லை.

ஜூன் 20
இரவு முழுவதும் காலைச் சுவரில் தூக்கிவைத்தபடியே படுத்திருந்தார். தொங்கவிட்டால் எலும்புக்குள் குடைகிறதாம்.

ஜூலை 2
வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் மூட்டைத் தொடுவதற்கு முன் விரல்களைப் பார்த்தார். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மடக்கி, நகத்தோடு நகம் ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். முதலில் தன் விரல்களைப் பிடித்துக் காட்டினார்: நகங்களின் அடியில் சாய்சதுரமாக ஒரு சிறு வெளிச்சம், எள் நுழையும் அளவுக்கு. அப்பாவின் விரல்களுக்கு நடுவே அந்தச் சந்து இல்லை. மேசை விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தும் இல்லை. காலுக்கும் நெஞ்சுக்கும் எக்ஸ்ரே எழுதினார். மூட்டுக்கு வந்த இடத்தில் நெஞ்சுக்கு எதற்குப் படம் என்று வழியெல்லாம் முணுமுணுத்தார் அப்பா. கால் படத்தில், முழங்காலுக்குக் கீழுள்ள நீண்ட எலும்பை ஒட்டி இன்னொரு மெல்லிய கோடு ஓடியது. எலும்பின் மேலுறையில் புது எலும்பு படிந்திருக்கிறது என்றும், நுரையீரலில் கட்டி வளரும்போது சிலருக்குக் கையும் காலும் இப்படி முந்திக்கொண்டு சொல்லிவிடும் என்றும் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

ஜூலை 3
வலது நுரையீரலின் மேற்பகுதியில் 4 செ.மீ. நிழல். பீடியை விட்டு 11 ஆண்டுகள் ஆகின்றன.

ஜூலை 5
உறக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன். இப்படி உருண்ட விரல்நுனிகளைச் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே ஹிப்போகிராட்டஸ் குறித்துவைத்திருக்கிறார். நுரையீரல் நோயோடு சேர்ந்து எலும்பும் மூட்டும் வீங்குவதை 1890இல் பியர் மாரி என்ற பிரெஞ்சு மருத்துவர் விரிவாக எழுதினார். நகங்களுக்கு நடுவிலுள்ள அந்த வெளிச்சத்தைக் கண்டு சொன்னவர் தென்னாப்பிரிக்க இதய மருத்துவரான லியோ ஷாம்ரோத். இதய உள்ளுறை அழற்சியில் அவரே விழுந்தபோது, தன் விரல்களிலேயே அந்த வெளிச்சம் மறைவதைக் கவனித்து 1976இல் எழுதினார். அவர் தன் விரலைப் பார்த்தார். நானோ அப்பாவின் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, பிளேடு வைத்துச் சீவிவிட்டு, நகத்தூளை ஊதித் தள்ளிவிட்டு எழுந்துபோயிருக்கிறேன்.

ஜூலை 6
செய்தி கேட்டதிலிருந்து அத்தைக்குத் தன் முழங்கால் வலியின் மேல் சந்தேகம். மூட்டுவலி வந்தவர்களில் மிக அரிதாக ஒருவருக்குத்தான் இப்படி என்று மருத்துவர் சொன்னதை மூன்று முறை சொன்னேன். கடைசியில் விரல்களைப் பிடிக்கச் சொன்னேன். வெளிச்சம் நன்றாகவே தெரிந்தது. எனக்கு ஏனோ எரிச்சலாக இருந்தது.

ஜூலை 9
பேருந்தில் நடத்துநர் சீட்டுக் கிழிக்கும்போது அவர் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் முப்பது ஆண்டுகள் இப்படி எச்சில் தொட்டுக் கிழித்தவர். சில்லறை கொடுக்க நடத்துநர் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

ஜூலை 16
சி.டி. ஸ்கேன் பார்த்து ஊசியால் சதை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரத்திற்கு மேல் ஆகுமாம். கட்டியை எடுக்க முடிந்தால் மூட்டுவலி சில நாட்களிலேயே குறைவதுண்டு, விரல்கள் திரும்ப நாளாகும் என்றார் மருத்துவர். அப்பா அதில் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார். வீட்டிற்கு வந்து, வலி போய்விடுமாம் என்று அம்மாவிடம் சொன்னார்.

ஜூலை 19
சனிக்கிழமை. மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது, ஆனாலும் அம்மா டப்பாவைத் திறந்து பார்த்து மூடினார்.

ஜூலை 22
அறிக்கை இன்னும் இல்லை.

ஜூலை 26
அறிக்கை தயாராக இருப்பதாக ஆய்வகத்திலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. ஒரு மணிக்குள் போய் வாங்க வேண்டும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து நகம் வெட்டக் கூப்பிடுகிறார். புது பிளேடு இருக்கிறது. முதலில் வலது கை.