இரு சூலகச் சிரைகளிலும் தனித்தனியே ரத்தம் எடுப்பது: ரீசஸ் குரங்கில் பட்ட பாடு

எந்தப் பக்கச் சூலகம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, அந்த ஹார்மோன் மறுபக்கச் சூலகத்துக்கு நேராகப் போகிறதா என்று பார்க்க இரு சூலகச் சிரைகளிலும் ரத்தம் வேண்டும். நெறிக்குழு அனுமதி, மயக்கத்துக்குக் கெட்டமைன் (கிலோவுக்கு 10 மி.கி.), பிறகு ஐசோஃப்ளூரேன் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. முட்டை வெளியேறத் தூண்டும் எல்எச் ஹார்மோனின் உச்சத்துக்குப் பின் 7, 8ஆம் நாள்தான் எடுக்க ஏற்ற நேரம்.

தொடைச் சிரை வழியாக வடிகுழாய் விட்டதில்தான் எங்கள் உழைப்பு வீணானது. வலது சூலகச் சிரை கீழ்ப்பெருஞ்சிரையில் கூர்கோணத்தில் சேர்கிறது. வாய் சிறியது, குழாய் வழுக்கிக்கொண்டே போகும். இடது சிரையோ இடது சிறுநீரகச் சிரையில் சேர்கிறது. அங்கேயே இடது அட்ரினல் சுரப்பியின் சிரையும் வந்து விழுகிறது. வாய்ப்பக்கம் உறிஞ்சினால் சிறுநீரக ரத்தம் அளவை நீர்த்துவிடும், அட்ரினல் புரோஜெஸ்டிரோனும் கலந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாதிரியிலும் அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசோலையும் அளந்துவிடுங்கள். கை அல்லது கால் சிரையில் அதே நேரம் எடுத்த ரத்தத்தைவிடக் கார்ட்டிசோல் தெளிவாகக் கூடியிருந்தால் அந்த மாதிரியைத் தள்ளிவிடலாம்.

வயிற்றைத் திறந்து, சூலகத்தைத் தாங்கும் மடிப்பில் ஓடும் சிரையிலேயே மெல்லிய ஊசியால் எடுப்பதுதான் நம்பகமானது. சூலகத்தைத் தொடாமல் முதலில் ரத்தம். கை பட்டால் ரத்த ஓட்டம் மாறும். வேகமாக இழுத்தால் சிரை சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு 1 மி.லி. போதும். ஊசியை எடுத்ததும் துணியால் அழுத்திப் பிடியுங்கள்; அங்கே ரத்தம் கட்டினால் அந்தச் சுழற்சியே கெடும். மாதிரிக் குழாயில் எழுதும் இடது, வலது விலங்கின் இடது, வலது. எதிரே நிற்பவருடையது அல்ல. ஜெல் உள்ள குழாய் வேண்டாம், புரோஜெஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டை அது உறிஞ்சும்.

இன்னும் ஆறாத வருத்தம் அளவீட்டில். கை, காலில் புரோஜெஸ்டிரோன் மி.லி.க்குச் சில நானோகிராம்தான். கார்ப்பஸ் லூட்டியம் (முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகிப் புரோஜெஸ்டிரோன் சுரக்கும் திசு) உள்ள பக்கத்தின் சிரையில் நூற்றுக்கணக்கில் ஏறலாம். ஸ்டீராய்டு நீக்கிய சீரத்தில் 1:10, 1:100 என நீர்த்து ஓட்டுங்கள் என்று தாளில் எழுதிக் கொடுத்தும், அளந்து தந்த ஆய்வகம் நீர்க்காமல் ஓட்டி, ‘வரம்புக்கு மேல்’ என்று மட்டும் அனுப்பியது. மாதிரி மிச்சமில்லை. அதன் பிறகு பாதியை எப்போதும் உறைநிலையில் ஒதுக்கி வைக்கிறோம். ஸ்டீராய்டுகளுக்கு மனிதருக்கான அளவீட்டுக் கிட் ஓடும். எல்எச், சூல்பையை வளர்க்கும் எஃப்எஸ்எச் ஆகிய ஹார்மோன்களுக்குப் பெரும்பாலும் ஓடாது, குரங்குக்கென்று செய்த அளவீடு வேண்டும்.

சரியான மாதிரிகள் வந்தபோது படம் தெளிவாகத் தெரிந்தது: சுரக்கும் பக்கம் மலையளவு, மறுபக்கம் கிட்டத்தட்ட கை ரத்தத்தின் அளவே. ஒரு சூலகத்தின் ரத்தம் இதயம், நுரையீரல் சுற்றித் தமனி வழியாகத்தான் மற்றதை அடைகிறது. மறுபக்கம் மிக உயர்ந்து காட்டினால் கருப்பையோரச் சிரைப் பின்னலிலிருந்து கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆட்டிலோ கருப்பை சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சிரையிலிருந்து ஒட்டி ஓடும் தமனிக்கு நேரே தாவிக் கார்ப்பஸ் லூட்டியத்தைக் கரைக்கும். குரங்கில் கருப்பையை எடுத்தாலும் கார்ப்பஸ் லூட்டியம் தன் காலத்தில்தான் கரைகிறது. ஆட்டுப் பாடத்தை இங்கே பொருத்திவிடாதீர்கள்.

செறிவை மட்டும் வைத்துச் சுரப்பு என்று எழுதவும் வேண்டாம். சிரைக்கும் தமனிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிளாஸ்மா ஓட்டத்தால் பெருக்கினால்தான் சுரப்பு வீதம். கார்ப்பஸ் லூட்டியம் உள்ள பக்கம் ஓட்டமும் அதிகம் என்பதால், ஓட்டத்தை அளக்காவிட்டால் வித்தியாசம் உண்மையைவிடக் குறைவாகவே தெரியும்.