கைக்கணினியின் மெமரி கார்டு ஸ்லாட்: பிழை எண் 84 காட்டிய வழி

லினக்ஸில் இயங்கும் என் கைக்கணினியில் மைக்ரோஎஸ்டி கார்டைச் செருகியதும் கோப்புப் பட்டியல் ஒழுங்காகத் தெரியும். பெரிய கோப்பு எதையாவது நகலெடுக்கத் தொடங்கினால்தான் வேலை பாதியில் நின்று, கார்டில் எதையும் எழுத முடியாமல் போகும். இப்படி நேர்ந்தால் கார்டு கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்குவதே வழக்கம். அதற்கு முன் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் எழுதிவைக்கும் பதிவைப் படித்துப் பார்ப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பதிவில் மைனஸ் 84 என்ற பிழை எண் மீண்டும் மீண்டும் வந்திருந்தது. கார்டு தொடர்பான செய்திகளில் மைனஸ் 110 வந்தால் கார்டு உரிய நேரத்துக்குள் பதில் தரவில்லை என்றும், மைனஸ் 84 வந்தால் பதில் வந்தது, ஆனால் தரவு வழியில் மாறியிருக்கிறதா என்று கண்டறியும் சிஆர்சி சரிபார்ப்பில் தேறவில்லை என்றும் கொள்ளலாம். ஆகவே கார்டு பேசுகிறது, பேச்சு வழியில் சிதைகிறது. அதே கார்டை மேசைக் கணினியின் யுஎஸ்பி ரீடரில் செருகி, கார்டுகளைச் சோதிக்கும் எஃப்3 நிரலால் முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துப் பார்த்தபோது ஒரு பிழையும் வரவில்லை. கைக்கணினியிலோ வேறொரு கார்டும் அதே 84-ஐத் தந்தது. சந்தேகம் ஸ்லாட்டின் மேல் விழுந்தது.

அப்படியானால் செருகியவுடன் கார்டு மட்டும் ஏன் ஒழுங்காக அடையாளம் காணப்படுகிறது? அறிமுகக் கட்டத்தில் கடிகார வேகம் 400 கிலோஹெர்ட்ஸைத் தாண்டுவதில்லை. தரவும் முதலில் டேட்0 என்ற ஒரே தரவுத் தடத்தில்தான் வருகிறது. அதன் பிறகே நான்கு தடங்களும் திறக்கப்பட்டு, வேகம் 50 மெகாஹெர்ட்ஸுக்கோ, சமிக்ஞை மின்னழுத்தம் 3.3-இலிருந்து 1.8 வோல்ட்டுக்கு இறங்கும் முறையில் அதற்கும் மேலோ உயர்கிறது. எனவே பழுது வேகத்திலா, கூடுதல் தடங்களிலா என்பதைப் பிரித்தறிய வேண்டியிருந்தது. ஒரு தடத்துக்கு மாற்றினால் 1.8 வோல்ட் முறையும் தானாக நின்றுவிடும் என்பதால், அந்தச் சோதனையை மட்டும் செய்தால் விடை குழம்பும். கணினி உள் நினைவகத்திலிருந்தே துவங்குவதால் வன்பொருள் அமைப்பைக் கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பைத் தயக்கமின்றி மாற்ற முடிந்தது. முதலில் 1.8 வோல்ட்டைத் தடுத்து, நான்கு தடங்களையும் வைத்துக்கொண்டு, வேகத்தை 25 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தேன். பிழை குறைந்ததே தவிர நிற்கவில்லை. பிறகு மின்னழுத்தத்தையும் வேகத்தையும் அப்படியே விட்டு, தடத்தை ஒன்றாக்கினேன். பிழை முற்றிலும் நின்றது. டேட்1, டேட்2, டேட்3 ஆகியவற்றுள் ஒன்றில் தொடர்பு சரியில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, உருப்பெருக்கியால் ஸ்லாட்டுக்குள் பார்த்தபோது, ஓரத்திலிருந்த எட்டாவது பின்னின் தகடு கறுத்திருந்தது. மைக்ரோஎஸ்டியில் அதுவே டேட்1. சென்னை திருவான்மியூரில் கடலுக்கு அருகே இருக்கும் வீடுகளில் உப்புக்காற்று உலோகத் தொடர்புகளை அரிப்பது புதிதன்று. ரிச்சி தெருவில் வாங்கிய 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய தூரிகையில் தொட்டு, தகடு வளையாதபடி உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் துடைத்தேன். தண்ணீர் கலந்த குறைந்த செறிவுள்ள ஆல்கஹாலை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். நன்கு உலர்ந்த பின், டிவைஸ் ட்ரீயில் போட்ட கட்டுப்பாடுகளையெல்லாம் நீக்கி எஃப்3 சோதனையை மறுபடி நடத்தினேன், 84 வரவில்லை.

ஆனால் கணினி உறக்கத்திலிருந்து எழும்போது மட்டும் இப்போது மைனஸ் 110 வருகிறது. இதன் காரணம் வேறு. 1.8 வோல்ட்டுக்கு மாறிய கார்டு, மின்சாரம் முழுவதும் துண்டிக்கப்பட்டால்தான் 3.3 வோல்ட் நிலைக்குத் திரும்பும். உறக்கத்திலிருந்து எழும் கணினியோ அதனுடன் 3.3 வோல்ட்டிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறது. இந்தக் கணினியின் மின்சுற்றுப் பலகையிலோ உறக்கத்தின்போதும் ஸ்லாட்டுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருப்பதை மல்டிமீட்டர் காட்டியது. எனவே 1.8 வோல்ட் தடையை மட்டும் டிவைஸ் ட்ரீயில் திரும்பச் சேர்த்தேன். உச்ச வேகம் விநாடிக்கு 25 மெகாபைட்டாகக் குறைந்தாலும், கார்டு உறக்கத்துக்குப் பின்னும் தவறாமல் எழுகிறது. ஸ்லாட்டின் மின்சாரத்தைத் தனியே அணைக்கும் வசதி பலகையில் இருக்கிறதா என்பதை அடுத்து ஆராய இருக்கிறேன். இருந்தால் அந்தத் தடையும் தேவைப்படாது.