செவுளில் தெரியாதது

இன்று காலை மீன்காரம்மா ஒரு வஞ்சிரத்தின் செவுளை விரலால் தூக்கி, "சிவப்பைப் பாருங்க தம்பி" என்றார்.

மீன் புதியதா என்பதைக் கண் சொல்லிவிடும். ஆனால் ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் பிடிபட்ட மீன்களின் செவுளும் இப்படித்தானே சிவந்திருந்திருக்கும் என்ற எண்ணம், விலை கேட்கும் முன்பே வந்துவிட்டது.

அங்கே சிஸ்ஸோ ரசாயன ஆலையின் கழிவோடு கடலில் கலந்த மெத்தில் பாதரசம் என்ற நஞ்சு மீனின் நிறத்தையோ மணத்தையோ மாற்றவில்லை. அந்த மீனை உண்டவர்களின் நரம்புகளைத் தாக்கிய நோய் 1956-இல் அதிகாரபூர்வமாகப் பதிவான பிறகும், 1968 வரை அந்தக் கழிவு நிற்கவில்லை.

கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் படம் எடுப்பது?

1971-இல் அங்கு சென்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் வாடகை வீடெடுத்து, பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களின் அருகிலேயே சுமார் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார்கள். மடங்கி இறுகிப்போன ஒரு கையை அவர்களுடைய படத்தில் பார்க்கும்போது, பாதரசம் உடலை என்ன செய்தது என்பது விளக்கமின்றிப் புரிகிறது.

அவற்றுள் உலகறிந்த படம், கருவிலேயே பாதிக்கப்பட்ட மகளைத் தாய் குளிப்பாட்டுவது. அந்த மகள் 1977-இல் இறந்தார். அவர் இனி அமைதியாக இருக்கட்டும் என்று பெற்றோர் விரும்பியதால், 1990-களின் இறுதியில் ஐலீன் அப்படத்தை வெளியிடுவது பற்றிய முடிவை அவர்களிடமே ஒப்படைத்தார். நஞ்சைக் காட்ட ஒரு பெண்ணின் உடலை எத்தனை காலம் காட்டிக்கொண்டிருப்பது என்ற கேள்வி எனக்கும் உண்டு; ஆகவே அதை இங்கே இணைக்கவில்லை.

வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.